ஐந்தாம் வகுப்புக்கு வந்த வாளி

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் சிட்டுவும் சுகம்தானே? பதில் போடவில்லை என்று திட்டாதே, இங்கே எல்லாம் தலைகீழாகிவிட்டது. ஐந்தாம் வகுப்பு டீச்சர் பிரசவ விடுப்பில் போய்விட்டார். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "பதினாலு வருஷமா நாலு வயசுப் பிள்ளைங்களையே பாத்துட்டீங்க. இந்த வருஷம் அஞ்சாம் வகுப்பை எடுத்துக்கோங்க" என்றார். கேட்கவில்லை, சொன்னார்.

முப்பத்திநான்கு பேர். இரண்டு பேர் என் தோளுக்கு வளர்ந்திருக்கிறார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தம்பி கல்யாணத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னாயே, "அவளுக்கென்ன, பாட்டுப் பாடினா சம்பளம்" என்று. அந்தப் பாட்டுக்காரி இப்போது உன் பேட்டைக்குள் வந்திருக்கிறாள். உன் பாடக்குறிப்புகளை அனுப்பி வை.

சிட்டு இந்த வருடம் அம்மாவிடமே, உன் ஐந்தாம் வகுப்பிலேயே இருக்கிறாளாமே. குஷியாக இருப்பாள்.

உன் தங்கை

ஜூன் 23

அன்புத் தங்கைக்கு,

கல்யாண வீட்டில் விளையாட்டாகச் சொன்னதை இத்தனை வருடம் முடிந்துவைத்திருக்கிறாயா? போகட்டும். குறிப்புகள் தனிக்கட்டாக வருகின்றன. முதல் பத்து நாள் சிரிக்காதே. நேர் வரிசையில் உட்கார வை. சனிக்கிழமைதோறும் தேர்வு வை. கேள்வி கேட்டால் சட்டென்று பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடு. இருபத்திரண்டு வருடமாக என் வகுப்பில் ஒருவர்கூடத் தவறியதில்லை.

சிட்டுவுக்குச் சலுகை கிடையாது. பள்ளியில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். காலையில் வயிற்று வலி என்று சாப்பிட மறுக்கிறாள். டாக்டரிடம் காட்டினோம், ஒன்றுமில்லையாம். எல்லாம் நடிப்பு.

அன்புடன்,
அக்கா

ஜூலை 29

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடியே மூன்று வாரம் சிரிக்காமல் இருந்தேன். வகுப்பு கப்சிப். பின்னக் கணக்கெல்லாம் போட்டார்கள். ஒருநாள் சும்மா கேட்டேன்: மூன்றில் ஒரு பங்கு பெரிதா, நான்கில் ஒரு பங்கு பெரிதா? இருபத்தொரு பேர் நான்கில் ஒன்றுதான் பெரிது என்றார்கள். மூன்றைவிட நான்கு பெரிதுதானே என்பது அவர்கள் நியாயம்.

மறுநாள் என் பழைய வகுப்பிலிருந்து வாளியும் அளவுக் கிண்ணங்களும் தூக்கிக்கொண்டு வந்தேன். பெஞ்சுகளை ஓரம் தள்ளி, நால்வர் நால்வராகத் தரையில் உட்கார வைத்தேன். ஒரு சொம்புத் தண்ணீரை மூன்று பேருக்குச் சமமாக ஊற்று, பிறகு நான்கு பேருக்கு ஊற்று. அவ்வளவுதான். அந்த வழியாக வந்த தலைமையாசிரியர், "டீச்சர், இது அஞ்சாம் வகுப்பா, குளியலறையா?" என்றார். அதே நேரம், ஒரு மாதமாக வாயே திறக்காத தையல்காரர் மகள் சொன்னாள்: "ஆள் கூடினா ஆளுக்குக் கொஞ்சமாதான் வரும் டீச்சர். அப்ப நாலுல ஒண்ணுதான் சின்னது." அவர் தரையில் கிடந்த தண்ணீரைத் தாண்டிப் போய்விட்டார்.

சின்னப் பிள்ளைகளிடம் செய்வதுபோல, யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். எங்கே முட்டுகிறார்கள் என்று அதில்தான் தெரிகிறது. ஆனால் எழுத்துப்பிழை மானத்தை வாங்குகிறது. அதற்கு என்னிடம் வழியில்லை, நீதான் சொல்ல வேண்டும்.

உன் தங்கை

ஆகஸ்ட் 10

அன்புத் தங்கைக்கு,

பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வாளியா? பாடத்தை எப்போது முடிப்பாய்? எழுத்துப்பிழைக்கு: தினம் எட்டுச் சொல். பார்த்து எழுதச் சொல்லாதே. பார்க்கட்டும், மூடட்டும், எழுதட்டும், திறந்து அவர்களே திருத்தட்டும்.

எங்கள் பள்ளியில் கூரை வேலைக்காகப் பத்து நாள் விடுமுறை. சிட்டுவை அத்தான் அங்கே கொண்டுவந்து விடுவார். உன் வகுப்பிலேயே உட்காரட்டும், படிப்பு கெடாது. அதிகம் பேச மாட்டாள். பழகிக்கொள்.

அக்கா

ஆகஸ்ட் 28

அன்புள்ள அக்காவுக்கு,

சிட்டு நல்லபடியாக வந்து சேர்ந்திருப்பாள். நோட்டில் அவளைப் பற்றி எழுதியதை அப்படியே தருகிறேன். கோபப்படாமல் படி.

முதல் நாள்: பேசவில்லை. இரண்டாம் நாள்: "தப்பா எழுதினா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். நான்காம் நாள்: தையல்காரர் மகளோடு சேர்ந்து வகுப்பறையின் நீளத்தை அளந்தாள். இரண்டு முறை தப்பாக வந்தது. மூன்றாம் முறை அளக்கும்போது சிரித்தாள். ஏழாம் நாள்: "சித்தி, நீங்க கேள்வி கேட்டுட்டுக் காத்திருக்கீங்க. அம்மா காத்திருக்க மாட்டாங்க. எனக்குத் தெரியும், ஆனா அதுக்குள்ள அடுத்த ஆளுக்குப் போயிடுவாங்க."

பத்து நாளும் வயிற்று வலி இல்லை அக்கா.

உன் தங்கை

செப்டம்பர் 2

தங்கைக்கு,

மூன்று மாதம் ஐந்தாம் வகுப்பு எடுத்துவிட்டு எனக்கே பாடம் நடத்துகிறாய். நான் பெற்ற பிள்ளையைப் பற்றி நோட்டில் எழுதி என்னையே படிக்கச் சொல்கிறாய். இனி இதைப் பற்றி எழுதாதே.

அக்கா

டிசம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை. நேரில் சொல்லியிருக்க வேண்டியதைத் தபாலில் அனுப்பியது என் தப்பு. சொன்னது தப்பு என்று மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அரையாண்டுத் தேர்வு முடிந்தது. கணக்கில் எல்லோரும் தேறிவிட்டார்கள். வரலாற்றில் ஆறு பேர் அவுட். அங்கே நான் மெதுவாகப் போய்ப் பாடத்தை முடிக்கவில்லை, நீ எச்சரித்ததுதான். விளையாடவிட்டே பொழுதைக் கழிக்கிறேன் என்று ஒரு அப்பா தன் மகளை வேறு பள்ளிக்குக் கூட்டிப்போய்விட்டார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எழுத்துப்பிழை பாதியாகக் குறைந்திருக்கிறது. அது முழுக்க உன் எட்டுச் சொல்லால். தலைமையாசிரியரிடம் உன் பெயரைச் சொல்லித்தான் பெருமையடித்தேன்.

ஒரு வரியாவது எழுது.

உன் தங்கை

ஜனவரி 31

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதங்களெல்லாம் வந்தன. கோபம் ஒரு மாதத்தில் போய்விட்டது. அப்புறம் எழுதாததற்குக் காரணம் வெட்கம்.

நவம்பரில் ஒருநாள் கேள்வி கேட்டுவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு விநாடியில் அடுத்த பிள்ளையைக் கை காட்டிவிட்டேன். இருபத்திரண்டு வருடமாக இரண்டு விநாடி. அன்றிலிருந்து பத்து வரை மனசுக்குள் எண்ணுகிறேன். முதலில் வகுப்பே பயந்துபோய் என்னைப் பார்த்தது. எனக்கும் நாக்கு துறுதுறுத்தது. ஆனால் ஊமை என்று நான் ஒதுக்கியிருந்த மூன்று பேர் இப்போது பேசுகிறார்கள்.

சிட்டு பேசவில்லை. பத்து எண்ணினாலும், இருபது எண்ணினாலும் பேசவில்லை. வயிற்று வலியும் நிற்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து மற்ற பிள்ளைகள் போன பிறகு மேஜைக்கு அருகே வந்து நின்றாள். நான் நோட்டுத் திருத்துவதை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, "அம்மா, நான் பக்கத்து வகுப்புக்குப் போகட்டுமா? அங்க உங்களை அம்மான்னே நினைச்சுக்கலாம்" என்றாள். பள்ளிக்குள் அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை நானே அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய், ஐந்தாவதின் இன்னொரு பிரிவான பக்கத்து வகுப்பில் விட்டுவிட்டு வந்தேன். இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறாள்.

அக்கா