எட்டுப் பெயரும் எட்டுக் குரலும்

பீர்க்கன்கரணை,
25-8-1993, புதன்கிழமை.

அன்புள்ள அரிகிருஷ்ணனுக்கு,

நீயும் சரசுவும் பெண்கள் இருவரும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

தேவகோட்டைக்கு மாற்றலாகிப் போன பிறகு நீ போட்ட மூன்று கார்டுகளும் வந்தன. மூன்றிலும் என் முழங்காலைப் பற்றித்தான் கேட்டிருக்கிறாய். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. இனிமேல் எனக்குக் கார்டில் எழுதாதே. தபால்காரர் கேட்டருகே நின்று முழுவதும் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறார். எழுத வேண்டியதை எழுதி, உறையில் போட்டு ஒட்டி அனுப்பு.

என் பிள்ளை துரை செத்துப்போய் இன்றோடு நாற்பத்தெட்டு நாள் ஆகிறது. புதன்கிழமைகளில் நவநாள் பூசைக்குப் போவதை நான் நிறுத்திவிட்டேன். கொண்டுபோய் விட ஆளில்லை என்பது வெளியே சொல்லும் காரணம். பால் ஊற்றும் கன்னியம்மா இன்று காலை வாசலில் நின்று, "இன்னா சிஸ்டரம்மா, சாமியோட சண்டையா? புதங்கெழமயும் அதுவுமா கோயிலுக்குப் போவாம வூட்லயே குந்திகினு கீற?" என்று கேட்டாள். பாத்திரத்தை நீட்டினேன். அவள் அரை டம்ளர் அதிகமாக ஊற்றிவிட்டுப் போனாள். இரக்கப்பட்டு ஊற்றிய பாலை என்ன செய்வதென்று தெரியாமல் மூடி வைத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உங்கள் பழைய தீயணைப்பு நிலைய அலுவலர் பத்ரிநாராயணன் என்னைக் கூப்பிட்டனுப்பி, மெத்தை கோடவுன் தீ பற்றிய விசாரணை அறிக்கையின் நகலைப் படித்துப் பார்க்கக் கொடுத்தார். அதில் இப்படி எழுதியிருக்கிறது: "கூரை சரியும் அபாயம் தெரிந்ததும் விசில் ஊதப்பட்டு எட்டுப் பேரும் வெளியே வந்தனர். ரோல்காலில் எட்டுப் பேரும் ஆஜர். அதன் பிறகு தீயணைப்பாளர் துரை உத்தரவை மீறித் தானாகவே மீண்டும் உள்ளே சென்றுள்ளார்." அதற்குக் கீழே உன் வாக்குமூலம். ரோல்காலின்போது துரை உன் பக்கத்தில் நின்றதாகவும், பிறகு அவனைப் பார்க்கவில்லை என்றும் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். உன் கையெழுத்து எனக்குத் தெரியும்.

படித்துக்கொண்டதாக என்னையும் ஒரு கையெழுத்துக் கேட்டார்கள். நான் போடவில்லை.

துரையை உனக்கு ஒன்பது வருஷமாகத் தெரியும். ஓடும் பஸ்ஸிலிருந்து ஒருநாளாவது குதித்து இறங்கியிருப்பானா? முகூர்த்தச் சாப்பாட்டில் இலையில் பரிமாறிய பிறகும், பக்கத்தில் இருப்பவர் கை வைக்கும் வரை காத்திருக்கிறவன். விசில் ஊதி வெளியே வரச் சொன்ன பிறகு, எல்லாரும் பார்க்க வெளியே வந்து நின்ற பிறகு, எதற்காக உள்ளே போவான்? பஞ்சு மெத்தையை எடுக்கவா? விசில் காதில் விழுந்திருந்தால் அவன் வந்திருப்பான். வரமுடிந்திருந்தால் வந்திருப்பான். அறிக்கை எழுதியவருக்கு அவனைத் தெரியாது. உனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை லோகநாதன் வந்திருந்தார். அன்று ரோல்காலில் பெயர் படித்தவர் அவர்தான். மனிதர் அரைமணி நேரம் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "அம்மா, நான் எட்டுப் பேரையும் படிச்சேன், எட்டுக்கும் 'சார்'னு சத்தம் வந்துச்சு. பொகையில கண்ணு எரிஞ்சிகினு இருந்துச்சு. காகிதத்தத்தான் பாத்தேன், ஒருத்தன் மூஞ்சியயும் பாக்கல." நான் அவரிடம், துரையின் பெயருக்கு வந்தது துரையின் குரல்தானா என்று கேட்டேன். அவர் அழுதுவிட்டார். "வேற யாரு கொரலாவது வந்திருந்தா நிமிந்து பாத்திருப்பேம்மா. வழக்கமா வர்ற கொரலுதான் வந்துச்சு. தொரைன்னு கூப்ட்டா அரி கொரலு வர்றது எங்களுக்கு அவ்ளோ பழக்கம்" என்றார்.

அவர் எங்கும் இதைச் சொல்லப் போவதில்லை. பரேடில் உன் குரல் என்று தெரிந்தே இத்தனை நாளும் விட்டுக்கொடுத்தவர் அவர். இன்னும் பதினோரு மாதத்தில் ரிடையர் ஆகிறார். என்னிடம் சொல்லிவிட்டால் இரவில் தூக்கம் வரும் என்று நினைத்து வந்திருக்கிறார். வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. எனக்கு வரவில்லை.

அரி, நான் இருபத்தாறு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் சிஸ்டராக இருந்தவள். வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால் உள்ளே வைத்த துணிகளை எண்ணுவோம். ஒவ்வொன்றையும் கையால் எடுத்து, கண்ணால் பார்த்து, இரண்டு பேர் எண்ணுவோம். ஒன்று குறைந்தால் எவ்வளவு பெரிய டாக்டரானாலும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு நிற்க வேண்டும். நான் நிறுத்தியிருக்கிறேன். திட்டு வாங்கியிருக்கிறேன். துணி கிடைக்கும் வரை நகரவிட்டதில்லை. ஒரு முழத் துணிக்கு நாங்கள் அப்படிச் செய்தோம். உங்கள் சர்வீஸில் மனிதர்களைக் காதால் எண்ணுகிறீர்கள்.

வெள்ளிக்கிழமை நான் அந்த மெத்தை கோடவுனுக்குப் போய்வந்தேன். பெருங்களத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன். காவல்காரர் சேட்டு என்பவர் முதலில் விடமாட்டேன் என்றார். யாருடைய தாய் என்று சொன்னதும் கதவைத் திறந்துவிட்டார். துரை கிடந்த இடத்தைக் காட்டினார். அங்கிருந்து பின்பக்க ஜன்னல் வரை நடந்து பார்த்தேன். என் நடையில், இந்த முழங்காலோடு, ஆறு எட்டு வைத்தால் போதும். "இந்த ஜன்னலு வெளிய இருந்து ரெண்டு தட்டு தட்னா பேந்துக்கும்மா. உள்ள ஆளு கீதுன்னு எவனும் சொல்லலியே" என்றார் அந்த மனிதர். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்துச் சொன்னார்.

ஒன்றரை மணி நேரம் முன்பக்கத்திலிருந்தே தண்ணீர் அடித்திருக்கிறீர்கள். குழாய்களைச் சுருட்டி வண்டியில் ஏறும்போதுதான் ஓர் இடம் காலியாக இருந்திருக்கிறது. அவன் உடம்பில் தீக்காயம் அதிகமில்லை என்பதை நானே பார்த்தேன். புகைதான். புகையில் ஒருவர் எப்படிப் போவார், எவ்வளவு நேரத்தில் போவார் என்பது எனக்குத் தெரியும். தெரியாத தாயாக இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். இதைப் பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன்.

இப்போது என் பங்கைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் உன்னிடம் எதையும் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

புதன்கிழமை டியூட்டி வரும்போதெல்லாம் துரை என்னைக் கோயிலுக்கு வண்டியில் கூட்டிப்போய், பூசை முடிந்து வீட்டில் விட்டுவிட்டு, காலை ஏழு மணிக்குப் பெயர் படிக்கும் பரேடுக்குப் பத்து நிமிஷம் தாமதமாகத்தான் வந்து சேருவான். முதல் மாதமே என்னிடம் சொன்னான்: பத்ரிநாராயணன் சார் நல்லவர், அம்மாவுக்காக என்று எழுதிக் கொடுத்தால் அனுமதி தருவார் என்று. நான்தான் கூடாது என்றேன். கான்வென்டில் படித்த காலத்திலிருந்து யாரிடமும் சலுகை கேட்டு நின்றவள் இல்லை நான். என் முழங்காலைக் காரணம் காட்டி என் மகன் ஒரு மேலதிகாரியிடம் மனு எழுதுவதா என்று கோபித்துக்கொண்டேன். அவன் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவனுக்குப் பதிலாக நீ குரல் கொடுக்க ஆரம்பித்தாய்.

எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. போன கிறிஸ்துமஸுக்கு நீ இங்கே சாப்பிட வந்தபோது, லோகநாதன் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு ரிஜிஸ்டர் படிப்பதை நடித்துக் காட்டினாய். "எனக்கு என் கொரலு, தொரைக்குக் கொஞ்சம் கட்டைக் கொரலு. உங்க புள்ள பேருக்கு அவன விட நான்தாம்மா ஜாஸ்தி பதில் சொல்லியிருக்கேன்" என்றாய். "டேய் மச்சான், எங்கம்மா முன்னாடி மானத்த வாங்காதடா" என்று துரை உன்மேல் முறுக்கை எறிந்தான். நான் சிரித்தேன், அரி. ஒரு துணி குறைந்தால் டாக்டரையே நிறுத்திவைத்தவள், உட்கார்ந்து சிரித்தேன். உனக்கு இன்னும் ஒரு கரண்டி பிரியாணி வைத்தேன்.

இதையெல்லாம் திங்கட்கிழமை பத்ரிநாராயணனிடம் போய்ச் சொன்னேன். நாற்காலி போட்டு உட்கார வைத்து, காபி வரவழைத்து, முழுவதும் கேட்டார். பிறகு, "அம்மா, நீங்க சொல்றது பரேடு விஷயம். ஸ்பாட்டுல நடந்ததை ஸ்பாட்டுல இருந்தவங்கதான் சொல்லணும். உங்க வார்த்தையை நான் எந்தக் காகிதத்துல எழுதுவேன்?" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஐம்பத்தெட்டு வயதுவரை நான் கையெழுத்திட்டால் ஓர் ஆபரேஷனே நடக்கும். இப்போது நான் நேரில் போய்ச் சொல்லும் உண்மையை எழுத ஒரு காகிதம் இல்லை. காபியைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

கடைசி விசாரணை செப்டம்பர் பதினான்காம் தேதி. உனக்கும் சம்மன் வந்திருக்கும். அன்று நீ மறுத்துச் சொல்லாவிட்டால் அறிக்கை அப்படியே நிலைத்துவிடும். சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தபோதே செத்தவன், சொன்னதைக் கேட்காததால் செத்தான் என்று ஆகிவிடும். அவனுக்குப் பிறகு அவனுடையது என்று இந்த உலகத்தில் இருக்கப்போவது அந்த ஒரு வரிதான். அவனுக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அந்த வரியைத் திருத்தச் சொல்லிக் கேட்க நான் இருக்கிறேன். நான் இன்னும் எத்தனை நாள்?

நீ உண்மையைச் சொன்னால் உன் வேலை போகும் என்பதும் எனக்குத் தெரியும். உன் பெரியவள் அடுத்த வருஷம் பத்தாவது எழுதுகிறாள். சரசுவின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். இந்தக் கடிதத்தை இதற்கு முன் இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஒன்றில் உனக்குக் கட்டளையிட்டிருந்தேன். இன்னொன்றில் நான் எழுதியவற்றை ஒரு கிறிஸ்தவப் பெண் எழுதக்கூடாது. இதில் இரண்டும் இல்லாமல் எழுதப் பார்க்கிறேன்; முடிகிறதா என்று தெரியவில்லை.

நீ வேண்டுமென்று செய்யவில்லை. அவன் உன் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறான் என்று நினைத்திருப்பாய். பெயர் காதில் விழுந்ததும் வாய் தானாகத் திறந்திருக்கும். அது எனக்குப் புரிகிறது. ஒவ்வொரு புதன்கிழமையும் நாங்கள் எல்லாரும் சேர்ந்து உன்னை அதற்குப் பழக்கினோம். ஆனால் வண்டியில் இடம் காலியாக இருந்ததைப் பார்த்த பிறகு நீ கையெழுத்துப் போட்டது பழக்கத்தால் அல்ல.

அங்கே சொல்ல முடியாது என்றால், அதற்கு முன்போ பின்போ இங்கே வந்து என்னிடமாவது சொல். எதிர்த்துப் பேசமாட்டேன். உள்ளே அவனைக் கடைசியாக எங்கே பார்த்தாய், அவன் என்ன செய்துகொண்டிருந்தான், உன்னிடம் ஏதாவது சொன்னானா, இவற்றை மட்டும் சொன்னால் போதும். அதைச் சொல்லக்கூடியவன் நீ ஒருவன்தான். கதவைத் தாழ்போடாமல் வைத்திருப்பேன்.

சரசுவுக்கு என் அன்பைச் சொல். சின்னவளுக்கு இருமல் நிற்காவிட்டால் கடையில் மருந்து வாங்கிக் கொடுக்காமல் டாக்டரிடம் காட்டு.

உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடத்திலெல்லாம் நீயே இருந்து பதில் சொல்லவும், அதை ஒருவர் நிமிர்ந்து உன் முகத்தைப் பார்த்துக் கேட்கவும், ஆண்டவர் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.

இப்படிக்கு,
துரையின் தாய்,
ரத்தினம் அந்தோணிசாமி