அறுபத்தெட்டுக் கட்டைகள்

பிப்ரவரி 4

அன்புள்ள ஓட்டைவாய் அக்காவுக்கு,

போனை எடுக்கவில்லை என்று கோபப்படாதே. போனில் உன் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. இடது காது போய் ஆறு வருடம் ஆகிறது. இப்போது வலதும் கிளம்பிவிட்டது. பட்டறையில் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பதை நிறுத்திவிட்டேன்; மரத்துக்கு மெருகு போடுவதோடு சரி. வீட்டில் இவள் பாதியைக் கத்துகிறாள், பாதியை எழுதிக் காட்டுகிறாள்.

காதுக்குள் ஒரு கருவி வைக்கலாம் என்கிறார் டாக்டர். வைத்தால் பேச்சு புரியுமாம். ஆனால் இப்போது மிச்சமிருக்கிற கொஞ்சநஞ்சமும் ஆபரேஷனில் போய்விடும். பாட்டு பாட்டாகக் கேட்காது. "தள்ளிப்போடாதீங்க. நரம்பு மங்கிட்டா அப்புறம் வெச்சும் பிரயோஜனமில்லை" என்று எழுதியே கொடுத்தார்.

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் ஒரே ஒரு தடவை அதைக் கேட்க வேண்டும். நான்கு வருடம் உட்கார்ந்து நான் உயிர்கொடுத்த அந்த இருநூறு வருடத்துப் பியானோவைத்தான் சொல்கிறேன். அதை வாங்கிவைத்த அருங்காட்சியகத்துக்குள் வெள்ளம் புகுந்து அது விறகானது உனக்குத் தெரியும். அதற்கு முந்தின வருடம் இரண்டு பேர் மைக்கோடு வந்து, ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று தட்டிப் பதிவு செய்துகொண்டு போனார்களாம். அங்கிருந்த காவலாளி இப்போதுதான் சொன்னார். சாம்பிள் என்கிறார்கள். கம்ப்யூட்டரில் ஏற்றினால் செத்த பியானோவை மறுபடி வாசிக்கலாம். எவன் எடுத்தான், எங்கே வைத்திருக்கிறான், ஒன்றும் தெரியவில்லை. நூலகத்தில் ஒலிப்பதிவுகளைக் கட்டி மேய்ப்பவள் நீ. தேடிக் கொடு. காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

தம்பி

பிப்ரவரி 19

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீஸ் கழிப்பறையில் போய் அழுதேன். வலது காதும் போகிறது என்பதை இத்தனை நாள் மறைத்திருக்கிறாய், கல்நெஞ்சக்காரா. உன் பெண்டாட்டியாவது சொல்லியிருக்கலாம்.

இணையத்தில் பழைய பியானோ சாம்பிள்கள் மழைக்குப் பிந்தைய காளான்போல் கிடக்கின்றன. எது எங்கே பதிவானது என்று ஒருவனும் ஒழுங்காக எழுதிவைப்பதில்லை. பொருந்தும் என்று தோன்றிய மூன்றைப் பென்டிரைவில் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நீ கேட்கிற நேரத்தில் ஆஸ்பத்திரியில் தேதி வாங்கு. அடம் பிடிக்கும் வயதா இது?

அக்கா

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்றும் இல்லை. முதலாவது ஏதோ ஹோட்டல் வரவேற்பறையில் கிடக்கிற புதுப் பியானோ. பழசு என்று பெயர் ஒட்டிவிட்டான். என்னுடைய இந்தக் காதிலேயே பூ சுற்றப் பார்க்கிறார்கள்! மற்ற இரண்டும் பழசுதான், ஆனால் என்னுடையது இல்லை. என்னுடையதை ஒரு கட்டையிலேயே கண்டுபிடித்துவிடுவேன்.

பதினெட்டாம் தேதி ஆபரேஷன் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காலையில் பால் பொங்கி வழிந்த சத்தம் எனக்குத் தெரியவில்லை. நேரமில்லை, அக்கா. பயமாக இருக்கிறது. சீக்கிரம் தேடு.

தம்பி

மார்ச் 21

அன்புத் தம்பிக்கு,

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். பதினேழு பேருக்குக் கடிதம் எழுதினேன். ஒருவர் பதில் போட்டார். அவர் அனுப்பியது இத்துடன் இருக்கிறது. இதைப்பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு கேள். கேட்டதும் எழுது. உன் பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

இதற்காகவா சோறு இறங்கவில்லை? அனுப்பியதிலேயே மட்டம் இதுதான். கீழ்க்கட்டைகள் சாக்குக்குள் கட்டிவைத்தமாதிரி. மேல்கட்டைகளில் சுரமே இல்லை, வெறும் டக் டக். கம்பியைத் தட்டுகிற சுத்தியலில் ஒட்டியிருப்பது தோலா, செருப்பா? இதைப் பழுதுபார்த்த மரமண்டை எவனோ, அவன் கையை ஒடிக்க வேண்டும். ஒரு மணிநேரம் உட்கார்ந்து கேட்டேன். வெறுத்துப்போய்விட்டது.

நேற்று இரண்டாவது தேதியையும் தள்ளிவைத்துவிட்டு வந்தேன். டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள். அது கிடைக்காமல் நான் படுக்கமாட்டேன். மறுபடி தேடு. உன்னைவிட்டால் எனக்கு யார்?

தம்பி

ஏப்ரல் 9

என் தம்பிக்கு,

இதை நான்கு தரம் எழுதிக் கிழித்தாயிற்று.

நான்காவதாக அனுப்பினேனே, அதுதான் உன் பியானோ.

பதிவு செய்தவர் கூடவே ஒரு குறிப்பும் படமும் வைத்திருந்தார். முப்பத்தோராம் கட்டையின் அடியில் பென்சிலால் ஏதோ கிறுக்கியிருக்கிறது, படிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் கோழிக்கிறுக்கல். 'ஓட்டைவாய், இதைத் தொடாதே.' உலகத்தில் அதைப் படிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். நாற்காலியிலிருந்து எழுந்து சத்தமாகச் சிரித்தேன்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். நீயே ஒரு கட்டையில் கண்டுபிடித்துத் துள்ளுவாய், அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாது என்று நினைத்தேன். ஓட்டைவாய் என்று பெயரெடுத்தவள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் வாயை மூடினேன். பாவி, அதை இதிலா மூட வேண்டும்?

உன் கடிதம் வந்ததும் எனக்கே சந்தேகம் வந்து பக்கத்து மேஜைக்காரியைக் கேட்கவைத்தேன். "மேலே போகப்போகக் கண்ணாடி டம்ளரைச் சுண்டின மாதிரி இருக்கு மேடம்" என்றாள். மேல்கட்டைகள் ஒலிக்கின்றன, தம்பி. அத்தனையும் ஒலிக்கின்றன. குறை அதில் இல்லை. இதை எழுதக் கை கூசுகிறது.

நீ காத்திருந்த அந்த ஒரு தடவை வந்து போய்விட்டது. இனி தேட ஒன்றுமில்லை. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. மனிதர்கள் பேசுவதையாவது காப்பாற்றிக்கொள்.

அக்கா

ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு வாரம் உன்மேல் கொலைவெறியில் இருந்தேன். நீ பொய் சொல்கிறாய், என்னைப் படுக்கவைக்கத் திட்டம் போடுகிறாய் என்று இவளிடம் கத்தினேன். பிறகு நீ கடிதத்தோடு வைத்திருந்த அந்தப் படத்தைப் பார்த்தேன். என் எழுத்துதான். அதன் பிறகு மறுபடி போட்டுக் கேட்டேன். என்னுடையது என்று தெரிந்தும் என்னுடையதாகக் கேட்கவில்லை. அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை.

நேற்று மத்தியானம் இவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கம்ப்யூட்டரோடு மாட்டிய கீபோர்டில் ஒவ்வொரு கட்டையாக அழுத்தினேன். இவள் அந்தப் பியானோவைக் கேட்டதே இல்லை. விற்ற பிறகுதானே எங்கள் கல்யாணம். நாற்பத்தொன்றாம் கட்டைக்கு மேல் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சுரம் கேட்கும்போதெல்லாம் தலையாட்டும்படி இவளிடம் சொல்லியிருந்தேன். அறுபத்தெட்டு வரைக்கும் ஆட்டிக்கொண்டே இருந்தாள். கடைசிக் கட்டையில் கையை எடுத்ததும் என் முகத்தைத் திருப்பிவைத்து, உதடு புரியும்படி நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்: "நீங்களா பண்ணுனீங்க, இதை?"

ஆமாம் என்றேன்.

இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன். இருபத்தொன்பதாம் தேதி. கருவி வைத்த பிறகு குரலெல்லாம் தகரம்போல்தான் கேட்குமாம். பழகப் பழகப் புரியுமாம். உன் குரல் உன்னுடையதாக இருக்குமா என்று கேட்டேன். டாக்டர் பேனாவை என் கையில் கொடுத்தார்.

லீவு போட்டுவிட்டு அதற்கு முன்னால் வந்துவிடு, அக்கா. வலது பக்கம் உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டிரு. திட்டினாலும் பரவாயில்லை.

தம்பி