நெஞ்சில் மெசினோடு நீ போட்ட சண்டை

இன்று காலை ஆஸ்பத்திரியில் தாதி என் நெஞ்சு மயிரை வழித்து, ஸ்பிரிட் தடவி, வயர்களை ஒட்டி, ஒரு சின்ன மெசினைக் கட்டிவிட்டாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த ஸ்பிரிட் வாசத்தோடு நீ வந்துவிட்டாய், மச்சான். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். மௌத்தாகி மண்ணுக்குள் கிடப்பவன் பிழை திருத்த மாட்டான் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நீ அடிக்கடி மயங்கி விழுந்தபோது உனக்கும் இதே மெசினைத்தான் கட்டினார்கள். இதயத்தில் ஓடும் மின்சாரத்தை அது மறுநாள் வரை விடாமல் பதியும். வழமையான வேலைகளைச் செய்யலாம், நனைக்க மட்டும் கூடாது என்றார்கள். கடலுக்குப் போகையில் போனைச் சுற்றுவது போல அதையும் ஷொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு, நேரே கற்பிட்டிக் கரைக்கு வந்தாய்.

அங்கே என்னை மணலில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மீன்வாடிக்காரர்களின் வலையை நான் அறுத்தேனாம். கத்தியால் வெங்காயம் அறுத்தாலே கையை அறுத்துக்கொள்கிறவன் நான்! துடுப்பு என் தோளில் இறங்கியது. வாயெல்லாம் இரத்தமும் மணலும். நீ பாய்ந்து வந்து நெற்றியால் இடித்ததில் ஒருவனுடைய மூக்கு நொறுங்கியது. மற்றவன் துடுப்பை உன் பக்கம் ஓங்கினான்.

“அடிக்கிறதெண்டா மண்டையில அடிடா! நெஞ்சில ஆஸ்பத்திரிச் சாமான் கிடக்கு!”

அவனும் சொல்வழி கேட்டு மண்டையிலேயே அடித்தான். இரத்தம் கண்ணை மறைக்க, நீ அவன் கையை முறுக்கிய முறுக்கில் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

“விட்டுடு மச்சான், செத்துப்போயிடுவாய்!” என்று கத்தினேன்.

“வழமையான வேலையச் செய்யச் சொன்னாங்க. இதான்டா என்ட வழமை!”

பிறகு, தலையில் தையலோடு, என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு டொக்டர் அம்மாவின் முன்னால் உட்கார்ந்திருந்தாய். அவர் கோடுகள் ஓடிய கடதாசியில் சண்டை நடந்த நேரத்தைக் காட்டினார். “இந்த நேரம் என்ன செஞ்சீங்க?”

“மீன் இறக்கின, டொக்டர்.”

“நல்ல வேகம்தான். ஆனா ஒரு துடிப்புக்கூடத் தவறயில்ல.” பிறகு, நீ வீட்டில் படுத்திருந்த நேரத்துக்கு விரலை நகர்த்தினார். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் வெறும் கோடு நீளமாகக் கிடந்தது. “பயம் இங்கதான். ஓய்வா இருக்கும்போது இதயம் நிண்டு நிண்டு போகுது. தோலுக்குக் கீழ ஒரு சின்னக் கருவி வைக்கோணும்.”

வெளியே வந்து என் முதுகில் குத்தினாய். “கேட்டியா? சும்மா இருந்தாத்தான் எனக்கு ஆபத்து!”

கருவி வைக்கக் கொழும்பில் நாள் கிடைத்தது. அந்த நாள் வருமுன்பே, பகல் சோறு தின்று கதிரையில் சாய்ந்த நீ எழும்பவில்லை. யாரோடும் சண்டை பிடிக்காமல் போனாய்.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வரும்போது, பள்ளிவாசல் வாசலில் ஒருவன், “கோபக்காரன். சண்டைதான் அவன்ட உசிர எடுத்துச்சி” என்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மனுசனின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு மோதினேன். அவன் திருப்பித் தந்த ஒரே குத்தில் என் முன்பல் போய்விட்டது.

இப்போதும் யாராவது அப்படிக் கதைத்தால் எழும்பிச் சண்டைக்குப் போய்விடுகிறேன். எனக்கு அடிக்கத் தெரியாது, அடி வாங்கிக்கொண்டே சொல்கிறேன்: “சண்டையில அவன்ட நெஞ்சு ஒரு துடிப்புக்கூடத் தவறயில்லடா. நான் என்ட கண்ணால பார்த்த.”