வேலிக் கம்பித் தழும்பு

நாள் 212, 07:10
செவ்வாய், வடசமவெளி நிலையம். எழுதுவது செண்பகவல்லி, நிலையப் பொறுப்பாளர். மற்ற இருவரும் பூமிக்குக் கிளம்பியாயிற்று. அடுத்த குழு வரும்வரை நான் மட்டும்தான். காற்றழுத்தம் சரி. தண்ணீர்ச் சுத்திகரிப்பு சரி. காலையில் தின்ற சப்பாத்தி மட்டும் நெஞ்சில் நின்றுகொண்டு இறங்கமாட்டேன் என்கிறது. அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்ளும் புத்தி எனக்கு எப்போதும் உண்டு.

நாள் 219, 13:40
கஞ்சியும் அடைக்கிறது. எடை குறைந்திருக்கிறது. பூமியிலிருந்து எங்கள் மருத்துவர் ரெஜினா என் மருத்துவக் கோப்பைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "முதுகுல வலது பக்கம் ஒரு தழும்பு இருக்கே, அது என்ன?" சின்ன வயதில் வேலிக் கம்பி கிழித்தது என்றேன். விண்வெளிப் பயணத்துக்கு ஆள் தேர்வு செய்தபோதும் அதைத்தான் சொன்னேன், எல்லோரும் நம்பினார்கள். அவர் நம்பவில்லை. "கம்பி இவ்வளவு நேராக் கிழிக்காது. அம்மாகிட்ட கேளுங்க."

நாள் 220, 09:05
கோவில்பட்டியிலிருந்து அம்மாவின் குரல்பதிவு:
"நீ பொறக்கும்போது உணவுக்குழாய் பாதியிலயே நின்னு போயிருந்துச்சு தாயி. ரெண்டாம் நாளே ஆபரேசன் பண்ணிச் சேத்துட்டாங்க. அதான் நல்லாயிட்டியேன்னு விட்டுட்டோம். வெளிய தெரிஞ்சா நாளைக்கு உன்னை யாரு கட்டுவான்னு..."
எனக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணமே வேண்டாமென்று சொல்லிவிட்டுத்தான் இங்கே வந்தேன். ஆத்திரத்தில் பாதியிலேயே அணைத்துவிட்டேன்.

நாள் 221, 11:30
ரெஜினா விளக்கினார். சேர்த்துத் தைத்த குழாயில் வயிற்று அமிலம் மேலேறிக்கொண்டே இருக்குமாம். வருடக்கணக்கில் புண்ணாகி, சிலருக்குப் புற்றாகவும் மாறலாம். அதனால் வளர்ந்த பிறகும் அவ்வப்போது உள்ளே பார்க்க வேண்டும். எனக்கு யாரும் பார்க்கவில்லை. இன்று கேமராக் குழாயை நானே விழுங்கினேன். படங்களை அனுப்பியாயிற்று.

15:10
ரெஜினாவிடமிருந்து: "செண்பகா, அது கட்டிதான். வழியை முக்கால்வாசி அடைச்சிருச்சு. விண்கலத்தை உடனே அனுப்பச் சொல்லிட்டேன். ஆனா வந்துசேர அஞ்சு மாசமாவது ஆகும்."
பயமாக இருக்கிறது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று ரெஜினாவிடம் கேட்டுக்கொண்டேன்.

நாள் 236
தண்ணீர் மட்டும், சொட்டுச் சொட்டாக. நரம்பு வழியே சத்து ஏற்றும் பைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். விண்கலம் இன்னும் கிளம்பவில்லை. இந்தக் குறிப்பேட்டை எடுப்பவர்கள் ரெஜினாவிடம் சேர்த்துவிடுங்கள்; படங்கள் ஏற்கனவே அவரிடம் இருக்கின்றன. என்னைப் போல விவரம் தெரியாமல் எத்தனை பேர் இருக்கிறார்களோ.

நாள் 249, நேரம் பார்க்கவில்லை
கடைசிப் பையும் தீர்ந்தது. தண்ணீரும் திரும்பி வருகிறது. எழுத உட்கார முடிய...
அம்மாவிடமிருந்து செய்தி: "எங்கூடப் பேசவே மாட்டேங்குறியே தாயி. நான் மறைச்சது தப்புதான். ஒண்ணே ஒண்ணு சொல்லு. சாப்ட்டியா?"
பதில் அனுப்பிவிட்டேன்.
"சாப்ட்டேம்மா. நல்லா இறங்குது."