செல்வண்ணைக்கு எடுத்த போன்

மார்ச் 24, செவ்வாய்

மழையோடு பனி. லாசாலில், பத்திரிகைக்காக, பாஸ்டர் பியாட்ரிஸ் பேட்டி. கொங்கோவிலிருந்து வந்தவர். வாரநாளில் டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாடு கட்டும் வேலை, ஞாயிறு பிரசங்கம். அவர் சபைக்கும் ஒரு தமிழ்ச் சபைக்கும் ஒரே வாடகை மண்டபம். இந்தப் பெரிய வெள்ளி முதன்முறையாகக் கூட்டு ஆராதனை. பிரசங்கம் இவர். அழைத்தது தமிழ் பாஸ்டர். ஒரு பெண் பிரசங்கிப்பதைத் தன் சபை மூப்பர்களுக்கு மெதுவாகச் சொல்வாராம். "ஒரு மாதமாகத் தயாரிக்கிறேன்" என்று பியாட்ரிஸ் சிரித்தார்.

ஜான்-டலோன் சந்தையில் முருங்கைக்காய் இல்லை. பால் மறந்தேன்.

மார்ச் 26, வியாழன்

கட்டுரை முடிந்தது. மறுபக்கத்தைக் கேட்காமல் எதையும் அனுப்பியதில்லை. தமிழ்ச் சபை மூப்பர் செல்வராசாவுக்குப் போன்.

"அந்த மனுசி பாட்டுத்தானே பாடுது?"

"இல்லையண்ணை, பிரசங்கம்."

"பாஸ்டர் எங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லை. போனை வையும், பேந்து எடுக்கிறன்."

எடுக்கவில்லை.

மார்ச் 28, சனி

நேற்று மூப்பர் கூட்டம். பிரசங்கம் இனித் தமிழ் பாஸ்டர். பாஸ்டர் பியாட்ரிஸுக்கு (பா.பி.) மொழிபெயர்ப்பு மட்டும். செல்வராசாவே எடுத்தார். "நீர் சொன்னபடியால் தப்பினம், தம்பி. பெரிய உபகாரம்."

எனக்கு நன்றி.

மலரிடம் சொன்னேன். மனைவியிடமாவது சொல்லவேண்டும்.

"கேக்காமல் விட்டிருந்தா அவ பிரசங்கிச்சிருப்பா."

"அது என்ர வேலையப்பா."

"ஆம்பிளைப் பாஸ்டர்மாரைப் பற்றி எழுதேக்க, அவையள் மேடை ஏறலாமோ எண்டு ஆரிட்டக் கேட்டனீங்கள்?"

யோசித்துப் பார்த்தேன். ஒருவரிடமும் இல்லை.

குப்பையைக் கொண்டுபோய் வெளியே வைத்தேன். குப்பை நாள் அல்ல.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

வெயில், குளிர்காற்று. மண்டபம் நிறைய. கட்டுரை இன்னும் அனுப்பவில்லை. தமிழ் பாஸ்டர் ஆங்கிலத்தில். பக்கத்தில் நின்று பா.பி. வரிக்கு வரி பிரெஞ்சில்.

பாஸ்டர்: "சீடர்கள் ஓடிப்போனார்கள்."

பா.பி.: "ஆண்கள் ஓடிப்போனார்கள். பெண்கள் சிலுவையடியில் நின்றார்கள். யாரும் அவர்களை நிற்கச் சொல்லவில்லை. யாராலும் அவர்களைப் போகச் சொல்லவும் முடியவில்லை."

கொங்கோப் பெண்கள் எழுந்து "ஆமென்" என்றார்கள். செல்வராசாவுக்குப் பிரெஞ்சு அவ்வளவாகத் தெரியாது. என் பக்கம் சாய்ந்தார்.

"பாஸ்டர் சொல்லுறதைத்தானே சொல்லுறா?"

"ஓம் அண்ணை."

வாசலில் பா.பி. எல்லோருக்கும் கைகொடுத்தார். எனக்கும்.

"போன் செய்தது நீங்கள்தானாம்."

"ஆம்."

"முதலில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

என் கையை அவர் இன்னும் விடவில்லை. பின்னால் வரிசை காத்துநின்றது.