பிராசசர் மேல் விழுந்த பழி

பழங்காநத்தம்,
ஆடி கடைசி வெள்ளி.

அன்புள்ள மச்சானுக்கு,

செல்வி எழுதுகிறேன். நான், மீனா, அத்தை மூவரும் சுகம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை உங்கள் ரூமிலிருந்து லீவில் வந்திருக்கும் பேயாண்டி அண்ணன் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பாதியாக இளைத்துவிட்டீர்களாமே! போனில் நீங்கள் சொல்லும் "நல்லா இருக்கேன்" என்பதை இனி நான் நம்புவதாக இல்லை.

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் நான் பாதி சொல்வதற்குள் "சரி சரி, சிக்னல் இல்ல" என்று வைத்துவிடுகிறீர்கள். குரலைப் பதிந்து அனுப்பினால் உங்கள் ரூமில் இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்து கேட்கிறார்களாம். அதையும் பேயாண்டி அண்ணன்தான் சொன்னார். என் மானமே போச்சு. லீவு முடிந்து அவர் குவைத்துக்குக் கிளம்புகிறார், பருப்புப்பொடியோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். தனியாக உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கார்டு வேலை செய்கிறது மச்சான்! நீங்கள் வாங்கி அனுப்பிய அதே கிராபிக்ஸ் கார்டு, நம் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில், அந்தப் பழைய பிராசசரோடு வேலை செய்கிறது. அதனால் இன்னும் இரண்டு வருசம் இருப்பதாகக் கம்பெனிக்காரன் நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒருவேளை போட்டுவிட்டிருந்தால்... சேச்சே, போட்டிருக்க மாட்டீர்கள்.

நாம் பேசி வைத்தது ஞாபகம் இருக்கும். கே.கே. நகர் ஸ்டுடியோக்காரர் ஆவணி முகூர்த்தத்துக் கல்யாண வீடியோக்களை நம்மிடமே எடிட்டிங்குக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் புதுக் கேமராவில் எடுத்ததை நம் கம்ப்யூட்டர் இழுக்காது, நல்ல கார்டு போட்டால்தான் ஆகும் என்றார். அது மட்டும் ஓடிவிட்டால் இரண்டு பேருக்கும் இங்கேயே வேலை இருக்கும், நீங்கள் ஊரோடு வந்துவிடலாம் என்றுதானே கார்டையே வாங்கினீர்கள்?

அந்தக் கார்டை மாட்டினால் அதன் காத்தாடி ஜோராகச் சுற்றியது, திரையோ கன்னங்கரேலென்று கிடந்தது. கார்டைக் கழற்றிவிட்டுத் திரையின் வயரைப் பழைய இடத்திலேயே சொருகினால் கம்ப்யூட்டர் சமத்தாக ஓடியது. ரிப்பேர் பார்க்கிற சூரியபிரகாஷ் தம்பியைக் கூப்பிட்டேன். பழைய போர்டுக்குப் புதுக் கார்டை அடையாளம் தெரியாமல் இருக்கலாம் என்று போர்டுக்குள் இருக்கிற பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்தார். கரண்ட் போதவில்லையோ என்று வேறு பவர் சப்ளை வைத்தும் பார்த்தார். ம்ஹூம். கடைசியில், "அக்கா, காத்தாடி சுத்துது, அப்ப கார்டு நல்லாத்தான் இருக்கு. இந்தக் கிழட்டுப் பிராசசர்தான் புதுக் கார்டோட ஒத்துப்போக மாட்டேங்குது. போர்டோட சேத்து மொத்தமா மாத்திருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய, நானும் அதைத்தான் நம்பினேன்.

அதை உங்களிடம் சொன்னபோது, "அப்ப இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்டு வாரேன், புது சிஸ்டமே வாங்கிருவோம்" என்றீர்கள். எம்புட்டு லேசாகச் சொல்லிவிட்டீர்கள்! மீனா பக்கத்தில் இருந்ததால் அடக்கிக்கொண்டு, பாத்ரூமுக்குள் போய்த்தான் அழுதேன்.

சரி, வாங்கின கடையிலேயே நீங்கள் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள் என்று பேயாண்டி அண்ணனிடம் கொடுத்துவிடுவதற்காகக் கார்டைப் பெட்டியில் வைத்துக் கட்டினேன். அப்போது குப்பென்று சந்தன வாசம் அடித்தது. எங்கிருந்துடா வருகிறது என்று கார்டைத் திருப்பித் திருப்பி மோந்து பார்த்தேன். கம்ப்யூட்டருக்குள் சொருகுகிற ஓரத்தில், தங்க நிறத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பட்டைகள் இருக்குமே, அங்கேதான் வாசம். நேராக அத்தையிடம் போனேன்.

"குலசாமிகிட்ட வச்சு எடுத்துட்டு அப்பறமா மாட்டு" என்று சொன்ன புண்ணியவான் யார்? நீங்களேதான். அத்தையும் பேரையூர் பஸ்ஸில் கார்டைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போய்ச் சாமி காலடியில் வைத்து எடுத்து வந்தார். பெட்டியோடு வைத்திருப்பார் என்று நான் நினைத்தேன். அவரோ பெட்டியைப் பிரித்து, கவரையும் உருவி, சந்தனம் பூசியிருக்கிறார். ஏன் அத்தை அங்கே போய்ப் பூசினீர்கள் என்று கேட்டால், "மத்த இடமெல்லாம் கருகருன்னு இருந்துச்சு. அந்த ஓரந்தான் தங்கமா மின்னுச்சு, அதுதான் மூஞ்சியாக்கும்னு நல்லா வழிச்சுப் பூசுனேன்" என்கிறார், கொஞ்சமும் அசராமல்! தங்க நிறத்தின் மேல் காய்ந்த சந்தனம் யார் கண்ணுக்குத் தெரியும்? காத்தாடிக்குக் கரண்ட் தனி வயரில் போவதால் அது பாட்டுக்குச் சுற்றி எங்களை ஏமாற்றியிருக்கிறது. ஒரு பாவமும் அறியாத பிராசசரை எல்லோருமாகச் சேர்ந்து திட்டித் தீர்த்துவிட்டோம்.

மீனாவின் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்து அந்தப் பட்டைகளை மெதுவாகத் தேய்த்தேன். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கிவிட்டு, புது டூத் பிரஷால் சொருகுகிற பள்ளத்தையும் தட்டிச் சுத்தம் செய்தேன். கார்டை மாட்டி சுவிட்சைப் போட்டதும் திரையில் பளிச்சென்று வெளிச்சம் வந்தது மச்சான்! நான் போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தை மட்டும், "சாமி சந்தனத்தத் தொடச்சதுக்கு மொதல்ல கன்னத்துல போட்டுக்க" என்றார். போட்டுக்கொண்டேன்.

உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன், பிராசசர் பழசுதான். கார்டு வந்த பிறகும் வீடியோ திக்கித் திக்கித்தான் ஓடியது. பெரிய அடுப்பை வாங்கி வைத்துவிட்டுக் காய் நறுக்க ஒரே ஆளை விட்டதுபோல் இருந்தது. மறுபடியும் சூரியபிரகாஷ் வந்தார். சந்தனக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பிராசசர் தூக்கிய சுமையில் பாதியைக் கார்டின் பக்கம் திருப்பிவிட்டார். வீடியோவுக்குச் சின்ன நகல் எடுத்து, வெட்டுவது ஒட்டுவதையெல்லாம் அதில் செய்து, கடைசியில் மட்டும் முழு அளவில் பெரிசாக எடுக்கவும் சொல்லிக் கொடுத்தார். முன்னெல்லாம் விடிய விடிய ஓடுகிற கல்யாண வீடியோ, இப்போது நான் சோறு வடித்துவிட்டு, துணியைக் காயப்போட்டுவிட்டு வருவதற்குள் முடிந்துவிடுகிறது.

ஸ்டுடியோக்காரர் நான் முடித்த ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஆவணி முகூர்த்தம் மொத்தமும் உங்களுக்குத்தான் என்றார். எத்தனை பேர் வேலை பார்ப்பீர்கள் என்று கேட்டார். நானும் என் வீட்டுக்காரரும் என்று சொல்லிவிட்டேன். வாய் தவறி வரவில்லை, வேண்டுமென்றேதான் சொன்னேன்.

இனிமேல் எந்த மெசினுக்கும் சந்தனம் வைக்கக் கூடாது என்று அத்தையிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். "இல்லத்தா, இனிமே எம்மகன் நெத்திக்கு மட்டுந்தான்" என்றார். நேற்றுக் காலையில் சந்தனத்தை உரசிக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, "எப்ப வாரானாம்?" என்று கேட்டார். சாயங்காலத்துக்குள் அது காய்ந்துபோனது. இதை எழுதும்போது மறுபடியும் உரசிக்கொண்டிருக்கிறார், சத்தம் எனக்குக் கேட்கிறது.

குலசாமி உங்களை நல்லபடியாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் வழி பார்க்கும்,
தாமரைச்செல்வி.