நாகம்மா அக்கா கிணற்றுத் தண்ணீர்

நவ. 4, செவ்வாய்
நேற்று முழுக்க மழை, இன்று காலையிலிருந்தே தூறல். சதுரங்கப்பட்டினத்துக் கிணறுகளில் இந்த மாதத் தண்ணீர் மாதிரி எடுக்கும் வேலை. ஜீப்பில் வைப்பர் ஓடவில்லை. டிரைவர் ஏழுமலையின் வாய் மட்டும் நிற்கவேயில்லை.

கடைசியாக நாகம்மா அக்கா வீடு. அந்தத் தெருவுக்கே நல்ல தண்ணீர் அவர் கிணறுதான், மற்றதெல்லாம் உப்பு. மகள் செல்வி பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். போன ஞாயிறுதான் வளைகாப்பு முடிந்ததாம், கை நிறையக் கண்ணாடி வளையல். ஒரு சொம்பு மோந்து நீட்டினாள். வழக்கம்போல, "பாட்டில் இருக்கும்மா" என்றேன். மாதிரி எடுக்கும் இடத்தில் எங்கள் ஆய்வகத்தில் யாரும் குடிப்பதில்லை. விதி ஒன்றும் இல்லை, பழக்கம்.

வாங்க வேண்டியது: லேபிள், குடை.

நவ. 6, வியாழன்
நல்ல மழை. அணுமின் நிலையம் பக்கத்தில் என்பதால், கதிர்வீச்சு கலந்திருக்கிறதா என்று எல்லாக் கிணற்றுத் தண்ணீரையும் கருவியில் வைத்து எண்ணிப் பார்ப்போம். நாகம்மா அக்கா கிணற்றில் பீட்டா என்கிற கதிர்வீச்சின் எண்ணிக்கை ஏறியிருக்கிறது. அபாயம் என்று சொல்லும் அளவு இல்லை. ஆனால் அந்தக் கிணறு ஒருநாளும் இப்படிக் காட்டியதில்லை.

ஆய்வகத் தலைவர் சார்: "மறுபடி எடுத்துப் பாரு. அதுவரைக்கும் வாயைத் திறக்காத."

வளையல் கையே கண்ணுக்குள் நின்றது. மத்தியானம் போன் போட்டுவிட்டேன். "அக்கா, ரெண்டு நாளைக்குக் குடிக்க மட்டும் வேற தண்ணி வெச்சிக்கோங்க."

நவ. 7, வெள்ளி
வெயில், புழுக்கம். மறுமாதிரி எடுக்கப் போனோம். கிணற்றடியில் ஒரு குடம் இல்லை. தெருவே கேன் தண்ணீர் வண்டி முன்னால்.

நாகம்மா அக்கா மீன் கூடையைத் தொப்பென்று வைத்தார். "இன்னா மேடம், உன்னாண்ட நான் கேட்டனா? பொண்ணு நேத்துலர்ந்து அழுதுகினே கீது. இத்தினி நாளு குடிச்சத இன்னா பண்றது?"

அவசரக்குடுக்கை நான்.

கயிறு விடும்போது கால் புதைந்தது. சாம்பல். வளைகாப்பு விருந்துக்கு எரித்த சவுக்குக் கட்டைச் சாம்பல், அண்டா தேய்க்கக் குவித்தது. பாதியை மழை கரைத்திருக்கிறது. எங்கே போயிருக்கும்? உடைந்த மேடை வழியாகக் கிணற்றுக்குள்தான். அட கடவுளே!

நவ. 10, திங்கள்
சாம்பலேதான். அதில் பொட்டாசியம் ஏராளம். வாழைப்பழத்தில் இருக்கிற அதே பொட்டாசியம், இயற்கையிலேயே துளி கதிர்வீச்சு உள்ளது. கருவி எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணிவிடும். பொட்டாசியத்தைத் தனியாக அளந்து கழித்தால் மிச்சம் பழைய அளவு. அணு உலையிலிருந்து கசிந்தால் தண்ணீரில் தெரியும் டிரிட்டியமும் பார்த்தாயிற்று, வழக்கம்போலத்தான்.

சார் திட்டினார். அப்புறம் டீ வாங்கித் தந்தார். அப்பாடா.

நவ. 11, செவ்வாய்
மூட்டம். சொல்லிவிட்டு வரப் போனேன். சாம்பலை அள்ளிவிட்டு மேடையைப் பூசுங்கள், தண்ணீரில் கதிர்வீச்சுப் பயம் இல்லை என்றேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் நின்று கேட்டார்கள்.

நாகம்மா அக்கா ஒரு சொம்பு மோந்தார். "மொதல்ல நீ குடி."

தோளில் என் பாட்டில். எல்லோரும் அதையே பார்த்தார்கள். கணக்குப் போட்டதே நான்தான், ஆனாலும் ஒரு கணம் கை போகவில்லை. வெட்கமாக இருந்தது. வாங்கி முழுசும் குடித்தேன். நல்ல தண்ணீர்.

"எத்தினி வருசமா வந்துகினு கீற," என்றார் அக்கா. "இன்னிக்கித்தான் எங்க வூட்டுத் தண்ணி உன் வாய்ல பட்டுது. நீ போன்ல சொன்னத ஏன் நம்பினோம்னு நெனக்கிற?"

செல்வி உள்ளே போய்க் கேன் தண்ணீரையே சாய்த்துக் குடித்தாள்.